ஐம்பத்தெட்டாவது ஆள்

மூன்றாம் வகுப்பை நான் இரண்டு முறை படித்தவன். அமெரிக்காவின் வெர்மாண்டில், மலைகளுக்கு நடுவே கிடக்கும் எங்கள் ஊரில் இது எல்லோருக்கும் தெரியும். பின்னக் கணக்கு என் மண்டையில் ஏற மறுத்த கதையை என் அப்பாவே பெட்ரோல் பங்கில் வருவோர் போவோருக்கெல்லாம் சொல்லியிருக்கிறார். அவர் ஊர்ச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இரண்டு நிமிடம் நிற்கும் வேலை. அதனால் என் புகழ் ஊரின் கடைசி வீடு வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஒரு வருடம் பின்தங்கியதில் ஒரு லாபம் இருந்தது. பதினோராம் வகுப்பு பாதியில் இருக்கும்போதே எனக்குப் பதினெட்டு வயது ஆகிவிட்டது. வகுப்பில் ஓட்டுரிமை உள்ள ஒரே ஆள் நான்தான். ஃபெயிலானதற்காக ஒருவனுக்கு மரியாதை கிடைத்தது எங்கள் பள்ளிச் சரித்திரத்திலேயே அதுதான் முதல் முறையாக இருக்கும்.

சரித்திரம் என்றதும் எங்கள் வரலாற்று வகுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் பனி விடுமுறைகள் பாடத்தைத் தின்றுவிடும். வருடம் முடியும்போது ஆசிரியர் எப்போதும் இரண்டாம் உலகப் போரின் நடுவில்தான் நின்றுகொண்டிருப்பார். அப்படியே எல்லோருக்கும் கைகுலுக்கி விடுமுறைக்கு அனுப்பிவிடுவார். என்னைப் பொறுத்தவரை அந்தப் போர் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அரசாங்கம் பற்றிய வகுப்பு இதைவிட மோசம். மூன்று கட்டம் போட்டு, காங்கிரஸ், ஜனாதிபதி, நீதிமன்றம் என்று எழுதி வண்ணம் தீட்டினால் பாஸ். நான் நீதிமன்றத்துக்கு ஊதா அடித்தேன். நல்ல மதிப்பெண் வந்தது.

இதெல்லாம் போதும் என்றுதான் நானும் இருந்தேன். போதாது என்று நினைத்தவள் ஐவி. எங்கள் வகுப்பிலேயே கெட்டிக்காரி. ஆசிரியர் ஒரு சட்டம் வந்தது என்று சொன்னால், அதற்கு யார் எதிராக ஓட்டுப் போட்டார்கள், அவர்கள் ஊருக்குத் திரும்பியதும் என்ன ஆனார்கள் என்று கேட்பாள். ஆசிரியர் கடிகாரத்தைப் பார்ப்பார். பெரிய ஊர்ப் பள்ளிகளில் ஏ.பி. வகுப்பு என்று ஒன்று உண்டு. பள்ளியில் இருந்துகொண்டே கல்லூரித் தரத்தில் படித்து, மே மாதம் நாடு முழுக்க ஒரே நாளில் நடக்கும் பரீட்சையை எழுதலாம். அரசாங்கத்துக்கு ஒன்று, வரலாற்றுக்கு ஒன்று. மலைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளியில் இரண்டும் இருந்தன. அங்கே போகப் பேருந்து கிடையாது. ஐவியின் வீட்டில் இருந்த ஒரே வண்டியை அவளுடைய அம்மா விடியற்காலையிலேயே வேலைக்கு எடுத்துப் போய்விடுவாள்.

எங்கள் பள்ளியில் ரூக் என்ற இளம் ஆசிரியை அந்த இரண்டு வகுப்பையும் நடத்தத் தயாராக இருந்தார். ஆனால் அதற்கு அரை நாள் ஆசிரியர் வேலை ஒன்றைப் புதிதாக உருவாக்க வேண்டும். எங்கள் ஊரில் அதைத் தீர்மானிப்பது தலைமையாசிரியர் அல்ல, ஊர்தான். மார்ச் முதல் செவ்வாய்க்கிழமை பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் ஊர்க்கூட்டம் நடக்கும். ஓட்டு உள்ள எல்லோரும் வந்து, ஒவ்வொரு தீர்மானமாக எடுத்து, பேசி, சண்டை போட்டு, அங்கேயே முடிவு செய்வார்கள். அந்த வருடம் ஏழாவது தீர்மானம் எங்கள் வகுப்பு. எட்டாவது பள்ளியைச் சூடாக்கப் புது பாய்லர்.

ஊர் கேட்கும் முதல் கேள்வி, இதைப் படிக்க ஆள் இருக்கிறதா என்பதாகத்தான் இருக்கும் என்று ரூக் டீச்சர் சொன்னார். ஆள் இருக்கிறது என்று காட்டத்தான் ஐவி இலையுதிர் காலத்திலேயே ஒரு குழு சேர்த்தாள். வகுப்பே இல்லாமல் வகுப்புக்குத் தயாராகும் குழு. ஐவி, பர்னெல் வீட்டு இரட்டையர்கள், எதற்கெடுத்தாலும் தும்முகிற கேலப், நான். என்னை ஏன் சேர்த்தாள் என்று கேட்டேன்.

"உனக்கு மார்ச்சுக்குள்ள பதினெட்டு ஆயிரும்ல," என்றாள்.

என் அறிவுக்காக என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். பரவாயில்லை.

ஊர் நூலகத்தில் குழந்தைகள் மூலையில்தான் எங்களுக்கு இடம் கிடைத்தது. முழங்கால் தாடையில் இடிக்கும் சின்ன நாற்காலிகளில் உட்கார்ந்து, அரசியல் சாசனத்தையும் அதற்கு முன்னும் பின்னும் எழுதப்பட்ட பழைய கட்டுரைகளையும் படித்தோம். வரலாற்றுப் பரீட்சையில் ஏழு பழைய ஆவணங்களைத் துண்டு துண்டாகக் கொடுப்பார்களாம். ஒவ்வொன்றுக்கும் யார் சொன்னது, யாரிடம் சொன்னது, ஏன் அப்போது சொன்னது என்று எழுத வேண்டும். ஐவிக்கு அது மூச்சு விடுவது மாதிரி வந்தது. நான் அதை வீட்டில் பழகிப் பார்த்தேன். குப்பையை வெளியே வை என்று அப்பா சமையலறையில் ஒட்டியிருந்த துண்டுச் சீட்டை எடுத்து, இதை எழுதியவர் அதிகாரத்தில் இருப்பவர், ஆகையால் அவருடைய நோக்கத்தைச் சந்தேகிக்க வேண்டும் என்று அம்மாவுக்கு விளக்கினேன். அன்று குப்பையோடு சேர்த்து நானும் வெளியே வைக்கப்பட்டேன்.

பாடத்தைவிட எனக்குப் பிடித்தது, மதிப்பெண் போடும் முறைதான். அரசாங்கப் பரீட்சையின் கட்டுரைக்கு ஒரு வாய்ப்பாடு இருக்கிறது. முதலில் ஒரு கருத்தை அடித்துச் சொல்ல வேண்டும். அதற்கு இரண்டு சான்று. ஏன் அவை சான்று என்று ஒரு விளக்கம். கடைசியில் எதிராளி என்ன சொல்வான் என்று நாமே சொல்லி, நாமே அதை உடைக்க வேண்டும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு நான் சாதாரணமாகப் பேசுவதையே விட்டுவிட்டேன். கடைசி உருளைக்கிழங்கு யாருக்கு என்பதற்குக் கூட இரண்டு சான்று கொடுத்தேன்.

பிறந்தநாளுக்கு மறுநாள் ஊர் அலுவலகத்துக்குப் போய், வலது கையைத் தூக்கி வாக்காளர் உறுதிமொழி எடுத்தேன். அங்கிருந்த அம்மாள் சாப்பிட்டுக்கொண்டிருந்த சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டு அதைக் கேட்டார். அன்று முதல் அப்பா என்னை செனட்டர் என்று கூப்பிட ஆரம்பித்தார். செனட்டர், மாட்டுக் கொட்டகைப் பக்கம் பனி அள்ளணும். செனட்டர், உங்க சாக்ஸ் நாறுது. நான் அதைக் கிண்டல் என்றே எடுத்துக்கொள்ளவில்லை. கொஞ்சம் தாமதமாக வந்த அங்கீகாரம் என்று நினைத்தேன்.

கூட்டத்துக்கு முந்தைய வாரம் ஐவி என்னிடம், அன்றைக்குத் தானும் இரண்டு நிமிடம் பேசலாமா என்று கேட்டாள். ஓட்டு இல்லாதவர்கள் பேச முடியாது என்று சொல்லிவிட்டேன். அப்படி எங்கே எழுதியிருக்கிறது என்றாள். அது வழக்கம் என்றேன். எனக்கு அது தெரியாது. தெரிந்தவன் மாதிரி சொல்லப் பழகிவிட்டேன், அவ்வளவுதான். எங்கள் ஐந்து பேரிடமும் சேர்த்து இருப்பது ஒரே ஓட்டு, அது என்னுடையது, ஆகையால் பேச்சும் என்னுடையதுதான் என்று எனக்குள் தீர்ந்துபோயிருந்தது.

"சரி, நீயே பேசு," என்றாள் ஐவி. "ஆனா சாதாரணமா பேசு. பரீட்சை மாதிரி பேசாத."

நான் பரீட்சை மாதிரியே பேசினேன்.

செவ்வாய்க்கிழமை கூடம் நிறைந்திருந்தது. கூடைப்பந்து வளையங்களை மடக்கிவைத்து, இரும்பு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் நீளமான ஜன்னல்கள். எதிர்ப்பக்கம் சமையலறைக் கதவு, அதன் வாசலில் மேஜை. பீன்ஸ், பன்றித் தொடைக்கறி, முட்டைக்கோஸ் சாலட். ஓரத்தில் என் லோரெட்டா அத்தை சுடச்சுடப் பொரித்தெடுத்து, மேப்பிள் மரப் பாகில் முக்கி அடுக்கும் டோனட். அவளுடைய டோனட்டுக்காகவே கூட்டத்துக்கு வருகிறவர்கள் உண்டு. ஓட்டு இல்லாதவர்கள் உட்கார மேடைப் பக்கச் சுவரோடு ஒரு பெஞ்ச் போட்டிருந்தார்கள். ஐவியும் மற்ற மூவரும் அங்கே உட்கார்ந்தார்கள். நான் வாக்காளர் அட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டு, அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடுவில் போய் உட்கார்ந்தேன்.

கூட்டத்தை நடத்துபவர் திருமதி கோல்பர்ன். எங்கள் பக்கத்துப் பண்ணைக்காரி. வேலியைத் திறந்து போட்டுவிட்டேன் என்று என்னைப் போன கோடையில்தான் வாய்க்கு வந்தபடி திட்டியவர். ஆனால் அந்தச் சின்ன மரச் சுத்தியலைக் கையில் எடுத்துவிட்டால் அவருக்கு யாரையும் தெரியாது. எல்லோரும் திரு, திருமதிதான்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் ஏழாவது தீர்மானம் வந்தது. எதிர்ப்புக்குத் தலைமை என் அத்தையேதான். கரண்டியும் கையுமாகச் சமையலறை வாசலில் நின்றபடியே பேசினாள். "அரை டீச்சர், கால் நர்ஸுன்னு சொல்லிச் சொல்லியே முழு வரி வாங்கிடுறாங்க. எனக்கு இந்தப் பிள்ளைங்க மேல கோவம் கிடையாது. என் வீட்டு வரி மேலதான் கோவம்," என்றாள். பல தலைகள் ஆடின. மாமா இறந்த பிறகு அவள் அந்த வீட்டைத் தனியாக வைத்துக்கொள்ளப் படும் பாடு ஊருக்கே தெரியும்.

நான் எழுந்தேன். முதலில் கருத்தை அடித்துச் சொன்னேன். பிறகு இந்த நாட்டை நிறுவியவர்களில் இரண்டு பேரைச் சான்றுக்குக் கூப்பிட்டேன். நேரடி ஜனநாயகம் என்றால் என்ன, அது எப்படி நடக்கும் என்று விளக்கினேன். நாற்பது வருடமாக மார்ச் மாதம் தவறாமல் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்து அதை நடத்திக்கொண்டிருப்பவர்களிடம் விளக்கினேன். மரம் வெட்டும் பீச்சம் என்ற பெரியவர் கை தூக்கினார்.

"தம்பி, உங்கப்பா டயப்பர்ல இருந்த காலத்துலேர்ந்து நாங்க இங்க வந்துட்டிருக்கோம். சீக்கிரம் முடி," என்றார்.

அவரையே என் எதிராளியாக வைத்துக்கொண்டு அவருடைய வாதத்தை உடைத்தேன். அவர் வாதம் எதுவுமே வைக்கவில்லை என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. ஆதரவாக வந்திருந்தவர்களில் சிலர் என் பேச்சின் நடுவில்தான் மனம் மாறியிருக்க வேண்டும். அப்பா தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டார். ஆனாலும் உட்காரும்போது எனக்கு முழு மதிப்பெண் வாங்கின திருப்தி.

பிறகு கால் மணி நேரம் மற்றவர்கள் பேசினார்கள். ரூக் டீச்சர் பேசினார், பள்ளிக் குழுவில் ஒருவர் பேசினார். நான் கேட்கவில்லை. என் வேலை முடிந்துவிட்டது. அவ்வளவு உழைத்ததில் பசித்தது. எழுந்து அத்தையின் மேஜைக்குப் போனேன்.

"நல்லாத்தான் பேசுன," என்று சொல்லி ஒரு டோனட்டை நீட்டினாள் அத்தை. "ஒரு வார்த்தை புரியல."

இதற்குள் திருமதி கோல்பர்ன் குரல் வாக்கு எடுத்தார். ஆம் என்ற சத்தமும் இல்லை என்ற சத்தமும் ஒரே அளவில் வந்தன. நானும் வாயில் டோனட்டோடு ஆம் என்று கத்தினேன். அவருக்குத் தீர்மானமாகச் சொல்ல முடியவில்லை. பிரித்து எண்ணிவிடலாம் என்றார். ஆதரவு ஜன்னல் பக்கம், எதிர்ப்பு சமையலறைப் பக்கம், எண்ணி முடிக்கும்வரை யாரும் நகரக் கூடாது.

இதை அவர் தெளிவாகத்தான் சொன்னார். மற்ற எல்லோருக்கும் கேட்டது. எனக்கும் பிரித்து எண்ணுவது என்பது வரைக்கும் கேட்டது. அங்கேதான் என் படிப்பு என்னைப் பிடித்துக்கொண்டது. பிரித்து எண்ணுவதைப் பற்றிக் கூட்ட விதிகளில் ஒரு அத்தியாயமே இருக்கிறது, அதை நான் முந்தின நாள்தான் படித்திருந்தேன். இவர் செய்கிற முறை விதிப்படி சரியில்லை, அவரவர் இருந்த இடத்திலேயே எழுந்து நிற்க வேண்டும், இப்படி ஆடு மாடு மாதிரி ஓட்டக் கூடாது என்று அத்தைக்கு விளக்க ஆரம்பித்தேன். அத்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். சுற்றிலும் ஆட்கள் வந்து நின்றார்கள். என் விளக்கத்தைக் கேட்கக் கூட்டம் கூடுகிறது என்று நினைத்துக் குரலை உயர்த்தினேன்.

மேடைச் சுவர் பெஞ்சில் ஐவி எழுந்து நின்று இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இரட்டையர்களும் ஆட்டினார்கள். கேலப் தும்மிக்கொண்டே ஆட்டினான். என் பேச்சுக்கு இப்போதுதான் வாழ்த்துகிறார்கள் போல என்று நானும் டோனட்டைத் தூக்கிப் பதிலுக்கு ஆட்டினேன்.

எண்ணுகிறவர் விரலை நீட்டியபடி எங்களைக் கடந்து போனார். என் நெஞ்சுக்கு நேரே விரல் வந்தபோது "ஐம்பத்தெட்டு" என்றார். நான் மரியாதையாகத் தலையசைத்தேன்.

திருமதி கோல்பர்ன் சுத்தியலைத் தட்டினார். ஆதரவு ஐம்பத்தேழு, எதிர்ப்பு ஐம்பத்தெட்டு, தீர்மானம் தோற்றது என்று அறிவித்தார்.

கணக்கில் நான் எப்படி என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். ஆனால் இந்தக் கணக்கு எனக்கு உடனே புரிந்தது. நான் சுற்றிப் பார்த்தேன். இடது பக்கம் வரியைத் திட்டும் கிழவர்கள். வலது பக்கம் அத்தை. ஜன்னல் பக்கம், வெகு தூரத்தில், அப்பாவும் ரூக் டீச்சரும் மற்ற ஐம்பத்தைந்து பேரும். என்னுடைய வாயில் மேப்பிள் பாகு.

ஐவி கைகளைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. தரையைப் பார்த்தாள். ஆறு மாதம் அந்தக் குட்டி நாற்காலியில் குறுகி உட்கார்ந்து படித்தவள். எங்கள் குழுவுக்கு இருந்த ஒரே ஓட்டை அவள் என்னை நம்பி என்னிடம் விட்டுவைத்தாள், நான் அதை ஒரு டோனட்டோடு சேர்த்து விழுங்கிவிட்டேன். எனக்கு அழுகை வந்தது. பதினெட்டு வயதில் ஊர் முன்னால் அழுவதற்கு என்ன விதி என்று நான் படித்திருக்கவில்லை.

திருமதி கோல்பர்ன் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார், பாய்லர் தீர்மானத்தை வாசிக்க. நான் கையைத் தூக்கினேன்.

எண்ணிக்கையில் ஒரு பிழை என்று சொன்னேன். என்ன பிழை என்று கேட்டார். ஒருவர் தவறான பக்கத்தில் நின்றுவிட்டார் என்றேன். யார் என்று கேட்டார். அது முக்கியமில்லை என்றேன். பின்னால் சிலர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"திரு. பெல்லோஸ்," என்று என்னை அழைத்தார் திருமதி கோல்பர்ன். "யார் எங்க நின்னாங்களோ அதுதான் கணக்கு. மனசுல எங்க நின்னாங்கன்னு நான் எண்ண முடியாது. மறுபடி ஓட்டு எடுக்கணும்னா ஒரு வழிதான் இருக்கு. ஜெயிச்ச பக்கம் ஓட்டுப் போட்ட ஒருத்தர் கேக்கணும். தோத்தவங்க கேக்க முடியாது. அதுவும் அடுத்த தீர்மானத்த நான் வாசிக்க ஆரம்பிக்கறதுக்குள்ள. என் கண்ணாடி கிடைச்சிருச்சு."

தோற்றவர்கள் ஓயாமல் மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காக வைத்த விதி. அது எனக்குத் தெரியும், படித்திருக்கிறேன். இப்போது அது எனக்காகவே எழுதப்பட்டது மாதிரி இருந்தது. ஆனால் அதைப் பயன்படுத்த, ஜனநாயகம் என்றால் என்னவென்று இந்த ஊருக்கு அரை மணி நேரத்துக்கு முன்னால் பாடம் எடுத்தவன், தன் வகுப்புக்கு எதிராகவே ஓட்டுப் போட்டதாக ஊர் முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டும். பேசாமல் உட்கார்ந்துவிடலாம். ஒரு ஓட்டில் தோற்றோம் என்று எல்லோரோடும் சேர்ந்து வருத்தப்படலாம். பெஞ்சில் இருந்த நான்கு பேரைத் தவிர வேறு யாரும் கவனித்திருக்கவில்லை. அவர் கண்ணாடியை மூக்கில் வைத்தார்.

"நான் கேக்கறேன்," என்றேன். "நான் ஜெயிச்ச பக்கம்."

திருமதி கோல்பர்ன் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்க எதிர்த்து ஓட்டுப் போட்டீங்களா?" என்றார் அவர்.

"ஆமா."

"உங்க தீர்மானத்தையே?"

"டோனட் வாங்க வந்தேன். நீங்க பிரிச்சு எண்ணுறது விதிப்படி தப்புன்னு அத்தைகிட்ட சொல்லிட்டிருந்தேன். அப்படியே எண்ணிட்டாங்க."

அந்தச் சிரிப்பு ஜன்னல் கண்ணாடிகளை அதிர வைத்தது என்று சொன்னால் மிகையில்லை. பீச்சம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பாவின் தொப்பி இப்போது மூக்குவரை வந்திருந்தது, அவர் தோள்கள் குலுங்கின. திருமதி கோல்பர்ன் மட்டும் சிரிக்கவில்லை. இதை யாராவது வழிமொழிகிறீர்களா என்று கேட்டார்.

ஜன்னல் பக்கத்திலிருந்து குரல் வருவதற்கு முன்னால் என் தோளுக்குப் பக்கத்திலிருந்து வந்தது.

"நான் இப்பவும் எதிர்ப்புதான். திரும்ப எடுத்தாலும் எதிர்ப்புதான்," என்றாள் லோரெட்டா அத்தை. "ஆனா என் டோனட்டுக்காக நின்ன பையனக் கணக்குல சேத்து நான் ஜெயிக்க மாட்டேன். வழிமொழியறேன்."

மறுபடி எடுத்துக்கொள்ளலாம் என்று பெரும் சத்தத்தோடு ஊர் ஒத்துக்கொண்டது. ஆகவே தீர்மானம் திரும்பவும் விவாதத்துக்கு வந்தது. நின்றவர்களில் பாதிப் பேர் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். கேட்டவர் என்ற முறையில் முதலில் பேசும் உரிமை என்னுடையது என்றார் திருமதி கோல்பர்ன். முன்வரிசையில் யாரோ சத்தமாகப் பெருமூச்சு விட்டார்கள்.

நான் வாயைத் திறந்தேன். கருத்து, சான்று, விளக்கம் எல்லாம் வரிசையாக நாக்கு நுனியில் வந்து நின்றன. ஐவி இப்போது தலையைத் தூக்கி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓட்டு இல்லாத ஒருவர் எனக்குப் பதிலாகப் பேசலாமா என்று கேட்டேன்.

"கூட்டம் சம்மதிச்சா தாராளமா பேசலாம்," என்றார் திருமதி கோல்பர்ன். "எப்பவுமே அப்படித்தான். யாரும் கேக்கல."

ஐவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத விரும்பவில்லை.

கூட்டம் சம்மதித்தது. ஐவி பெஞ்சை விட்டு முன்னால் வந்து நின்றாள். கையில் காகிதம் எதுவும் இல்லை.

"எங்க அஞ்சு பேருக்கும் சேத்து ஒரே ஒரு ஓட்டு இருந்துச்சு," என்றாள். "அது என்ன ஆச்சுன்னு எல்லாரும் பாத்தீங்க."

சிரிப்பு அடங்கும்வரை நின்றாள்.

"எனக்குப் பதினேழு வயசு. அடுத்த மார்ச்சுல எனக்கும் ஓட்டு இருக்கும். இங்கயே வந்து, இந்த வகுப்பு வேணும்னு நானே ஜன்னல் பக்கம் நிக்கலாம். ஆனா அப்ப நான் பள்ளிக்கூடத்த விட்டுப் போற நேரமா இருக்கும். எனக்கு இது வேணுங்கறப்ப என்கிட்ட ஓட்டு இல்ல. ஓட்டு வர்றப்ப இது எனக்கு உதவாது. பள்ளிக்கூடத்துல படிக்கிற எல்லாருக்கும் இப்படித்தான். அதனால நாங்க உங்களத்தான் கேக்க முடியும். லோரெட்டா அம்மா சொன்னது எனக்குப் புரியுது, வரி நிஜம்தான். அதத் தெரிஞ்சுதான் கேக்கறேன்."

அவ்வளவுதான். போய் உட்கார்ந்துவிட்டாள். கருத்து இருந்தது, சான்று இருந்தது, எதிராளியின் பேச்சுக்கும் இடம் இருந்தது. ஆனால் அவள் எதிராளியை உடைக்கவில்லை. நான் அதைக் கவனித்தேன். அதற்கு வாய்ப்பாட்டில் மதிப்பெண் உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

திருமதி கோல்பர்ன் மறுபடியும் பிரித்து எண்ணச் சொன்னார். இந்த முறை என்னைப் பார்த்து, ஜன்னல் என்பது வெளிச்சம் வரும் பக்கம் என்று தனியாக ஒரு விளக்கமும் கொடுத்தார். நான் அத்தையிடம் சொல்லிக்கொண்டு கூடத்தைக் கடந்து நடந்தேன். அத்தை கையைக் கட்டிக்கொண்டு சமையலறைப் பக்கத்திலேயே நின்றாள். அவள் சொன்னால் சொன்னதுதான். ஆனால் அவளைச் சுற்றி நின்ற கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. பீச்சம் முனகிக்கொண்டே எழுந்து, முழங்காலைத் தேய்த்தபடி எனக்குப் பின்னாலேயே வந்தார். உனக்காக இல்லை, அந்தப் பெண்ணுக்காக என்று என் காதில் சொன்னார். தெரியும் என்றேன்.

ஆதரவு அறுபத்தைந்து. எதிர்ப்பு ஐம்பது. என்னைக் கழித்துவிட்டுப் போட்டாலும் கணக்கு மாறவில்லை. ஓர் இலையுதிர் காலமும் ஒரு முழுக் குளிர்காலமும் நான் தூக்கிச் சுமந்த அந்த மகா ஓட்டு, கடைசியில் தேவைப்படவே இல்லை. பேச்சை விட்டுக்கொடுத்ததுதான் அன்று நான் செய்த ஒரே நல்ல காரியம்.

முடிவு அறிவிக்கப்படுவதற்கு முன்னால், எண்ணிக்கொண்டிருந்தபோது, நான் ஐவியைப் பார்த்தேன். ஜன்னலோரம் அத்தனை பேர் அவளுக்காக எழுந்து வந்து நிற்கிறோம். ஜெயித்துக் கொடுத்தவள் மட்டும் எந்தக் கணக்கிலும் இல்லாமல், அந்தச் சுவரோரப் பெஞ்சில், உதடுகள் அசைய, விரலை நீட்டி எங்களைத் தலை தலையாகத் தானும் எண்ணிக்கொண்டிருந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது. அவள் விரல் ஒவ்வொருவராகத் தாண்டி என்னிடம் வந்தபோது அப்படியே நின்றது. என்னைப் பார்த்தாள், எனக்குப் பின்னால் இருப்பது ஜன்னல்தானா என்று பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள், அதற்கப்புறம்தான் அடுத்த ஆளுக்குப் போனாள்.